காலி பாட்டில் திரும்பி வரட்டும்: நம் ஊர் குளிர்பானக் கம்பெனி அண்ணாச்சிமார்களுக்கு ஒரு திறந்த மடல்

மதிப்பிற்குரிய அண்ணாச்சிமார்களுக்கு வணக்கம்.

மதுரை, விருதுநகர், தூத்துக்குடி, திருநெல்வேலி வட்டாரத்தில் சோடா, கலர், பன்னீர் சோடா, ஜிஞ்சர், நன்னாரி என்று போட்டு விற்கிற சிறு, நடுத்தரக் கம்பெனி முதலாளிமார்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் இந்த மடலை எழுதுகிறேன். நான் விருதுநகர் மாவட்டத்தில் ஒரு பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே கூல்டிரிங்ஸ் கடை வைத்திருப்பவன். உங்களில் சிலருடைய சரக்கு என் கடையில் இருக்கிறது. சிலரோடு பாக்கிக் கணக்கும் இருக்கிறது, அது வேறு விஷயம்.

என் கோரிக்கை ஒன்றுதான். நீங்கள் எல்லோரும் கூடி, திரும்பத் திரும்ப நிரப்பக்கூடிய ஒரே மாதிரியான கண்ணாடி பாட்டில் ஒன்றை வைத்துக்கொள்ள வேண்டும். பாட்டில் எல்லோருக்கும் பொது. லேபிளும் மூடியும் மட்டும் அவரவர் பெயரில். யாருடைய காலியாக இருந்தாலும் எந்தக் கடையும் வாங்கும், கடை கடையாகச் சரக்கு இறக்குகிற எந்தக் கம்பெனி லைன் வண்டியும் ஏற்றிக்கொண்டு போகும்.

இதைக் கோட்டைக்கு எழுதாமல் எங்களுக்கு ஏன் எழுதுகிறாய் என்று கேட்பீர்கள். பெரிய கம்பெனிகளுக்கு எழுதியிருக்கலாமே என்றும் தோன்றும். பெரியவர்கள் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். 2022 பிப்ரவரியில் கோகோ கோலா ஒரு வாக்குறுதி கொடுத்தது: 2030க்குள் உலகம் முழுக்க விற்கிற பானத்தில் நான்கில் ஒரு பங்கைத் திரும்ப நிரப்பும் பாட்டில்களிலோ கலன்களிலோ கொடுப்போம் என்று. அதே வருடக் கடைசியில் பெப்சியும் ஐந்தில் ஒரு பங்கு என்று சொன்னது. 2024 டிசம்பரில் கோக் தன் இலக்குப் பட்டியலைத் திருத்தி எழுதியபோது அந்த வரி காணாமல் போயிருந்தது. 2025இல் பெப்சியும் கைவிட்டது. உலகத்திலேயே பெரிய இரண்டு கம்பெனிகள், கையில் அத்தனை பணம் இருந்தும், மூன்று வருடத்துக்குள் பின்வாங்கிவிட்டார்கள். அவர்களுக்குக் கடிதம் எழுதி என்ன பயன்?

ஆனால் உங்களிடம் அவர்களிடம் இல்லாத ஒன்று இருக்கிறது. உங்கள் ஆலைக்கும் என் கடைக்கும் நடுவே இருக்கும் தூரம். உங்களில் பெரும்பாலோருடைய லைன் வண்டி காலையில் கிளம்பி இருட்டுவதற்குள் ஆலைக்குத் திரும்பிவிடும். கண்ணாடி பாட்டிலைப் பொறுத்தவரை எல்லாமே அந்தத் தூரத்தில்தான் இருக்கிறது.

இங்கே ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். கண்ணாடி என்றாலே சுற்றுச்சூழலுக்கு நல்லது, பிளாஸ்டிக் என்றாலே கெட்டது என்று இப்போது ஒரு பேச்சு நடக்கிறது. அதில் பாதிதான் உண்மை. ஒரு 200 மில்லி கண்ணாடி பாட்டில் காலியாகவே 300 கிராமுக்கு மேல் இருக்கும், உள்ளே இருக்கிற பானத்தைவிட அதிக எடை. அதே அளவு பிளாஸ்டிக் பாட்டில், அதாவது பெட் பாட்டில், 20 கிராம்கூட வராது. மணலையும் சோடா உப்பையும் சுண்ணாம்புக் கல்லையும் 1500 டிகிரி அளவுக்குக் காய்ச்சி உருக்கினால்தான் கண்ணாடி. அதற்கு எரிகிற எரிபொருள் கொஞ்சநஞ்சம் அல்ல. அப்படிச் செய்த பாட்டிலில் ஒரே ஒரு தடவை கலரை ஊற்றிக் குடித்துவிட்டுக் குப்பையில் போட்டால், கரிப்புகைக் கணக்கில் அது பிளாஸ்டிக்கைவிட மோசம். சென்னை, பெங்களூர்க் கடைகளில் அழகழகான கண்ணாடி பாட்டிலில் 'பாரம்பரிய சோடா' என்று 60, 70 ரூபாய்க்கு விற்கிறார்களே, அது திரும்பி எங்கேயும் போவதில்லை. நம் கோலி சோடாவைக்கூட இப்போது அமெரிக்கா, இங்கிலாந்து, வளைகுடா என்று ஏற்றுமதி செய்கிறார்கள். கேட்கச் சந்தோஷம்தான். ஆனால் லண்டனில் இருந்து காலி பாட்டில் திரும்பி வரப்போவது இல்லை.

அதே பாட்டில் பத்து, இருபது தடவை சுற்றினால் கணக்கு தலைகீழாகிவிடும். உருக்கிய எரிபொருள் அத்தனை தடவைக்கும் பங்கு பிரிந்துவிடுகிறது. மிஞ்சுவது கழுவுகிற செலவும் வண்டிச் செலவும்தான். வண்டி ஓடுகிற தூரம் குறையக் குறைய லாபம். ஆயிரம் கிலோமீட்டர் தாண்டிப் போகிற கம்பெனிக்கு இது கட்டாது. ஐம்பது, நூறு கிலோமீட்டருக்குள் விற்கிற உங்களுக்குக் கட்டும்.

கட்டியும் இருக்கிறது. 1916இல் விருதுநகரில் காளிமார்க் தொடங்கியதில் இருந்து பல பத்து வருடங்கள் நம் பக்கத்துத் தொழில் முழுக்கக் காலி பாட்டில் மேல்தான் நடந்தது. 1958இல் பொவண்டோ வந்தபோதும் அது கண்ணாடியில்தான் வந்தது. அதற்கும் முந்தைய கோலி சோடாவை எடுத்துக்கொள்ளுங்கள். ஹிராம் காட் என்ற இங்கிலாந்துக்காரர் 1870களில் காப்புரிமை வாங்கிய பாட்டில் அது. மூடி கிடையாது, கார்க் கிடையாது. கழுத்தில் ஒரு ரப்பர் வளையம், உள்ளே ஒரு கோலி. தண்ணீரும் கேஸும் ஏற்றிப் பாட்டிலைத் தலைகீழாக்கினால் கோலி வளையத்தில் உட்காரும், கேஸின் அழுத்தமே அதைப் பிடித்துக்கொள்ளும். குடித்து முடித்த பிறகு கீழே போட ஒரு தகர மூடிகூட மிச்சம் இல்லை. இப்போது பிளாஸ்டிக்கில் கோலி பாட்டில் செய்து, ஒரு தடவை குடித்துவிட்டுத் தூக்கி எறியச் சொல்கிறார்கள். காட் ஐயா பார்த்தால் என்ன சொல்வாரோ!

அப்புறம் ஏன் கண்ணாடி போனது? பழசை நினைத்துப் பெருமூச்சு விடுவதற்காக இதை எழுதவில்லை. போனதற்கு நியாயமான காரணங்கள் இருந்தன. பஸ்ஸில் ஏறப்போகிறவர் கடையில் நின்று குடித்துக்கொண்டிருக்க முடியாது. பெட் பாட்டிலை மூடிப் பையில் போட்டுக்கொள்ளலாம். கடைக்காரனுக்குக் காலியை அடுக்க இடம் வேண்டாம், உடைசல் கணக்கு வேண்டாம், டெபாசிட் பாக்கிச் சண்டை வேண்டாம். லோடுமேனுக்கு இடுப்பு மிச்சம். கண்ணாடி கிரேட் ஒன்றைத் தூக்கிப் பார்த்தவருக்கு இது புரியும். உங்களுக்கும் கழுவுகிற மெஷின், காஸ்டிக் சோடா, தண்ணீர், ஆட்கள் என்று எத்தனையோ செலவு மிச்சமானது. குப்பையை மட்டும் ஊர் எடுத்துக்கொண்டது. என் கடைக்கு எதிரே இருக்கிற ஓடையை மழைக்கு முன்னால் தூர்வாரும்போது என்னென்ன வெளியே வருகிறது என்று நான் சொல்ல வேண்டியதில்லை. உங்கள் பெயர் அச்சடித்த லேபிளோடு வருகிறது என்பதை மட்டும் சொல்லிவைக்கிறேன்.

2017 ஞாபகம் இருக்கிறதா? ஜல்லிக்கட்டுப் போராட்டம் முடிந்த சூட்டோடு, மார்ச் 1 முதல் கோக்கும் பெப்சியும் விற்பதில்லை என்று வணிகர் சங்கங்கள் முடிவெடுத்தன. கடைக்கு வருகிற பையன்கள் எல்லாம் "நம்ம ஊர் கலர் இருக்கா?" என்று பெயர் சொல்லிக் கேட்டார்கள். அந்தக் கோடையில் உங்கள் சரக்கு போதவில்லை. அப்போது உங்களுக்குக் கிடைத்த வாய்ப்பு பெரியது. ஆனால் நீங்களும் அதே பெட் பாட்டிலில்தான் வந்தீர்கள். பெரிய கம்பெனியோடு அதே பாட்டிலில், அதே விலையில், அதே பிரிட்ஜில் மோதினால் யார் ஜெயிப்பார்? அவர்கள் இலவசமாகப் பிரிட்ஜ் கொடுக்கிறார்கள். கொடுத்துவிட்டு, இதில் வேறு கம்பெனி பாட்டில் இருக்கக் கூடாது என்கிறார்கள். கேஸுக்கு இத்தனை ஃப்ரீ என்று ஸ்கீம் போடுகிறார்கள். அந்த ஆட்டத்தில் உங்களால் அவர்களை வெல்ல முடியாது. காலி பாட்டில் ஆட்டம் ஒன்றுதான் உங்களுக்கு ஊர் சாதகம் இருக்கிற ஆட்டம்.

மக்கள் காலியைத் திருப்பிக் கொண்டுவருவார்களா என்பது அடுத்த சந்தேகம். இதற்குப் பதில் நம் மாநிலத்திலேயே கிடைத்துவிட்டது, அதுவும் யாரும் எதிர்பார்க்காத இடத்தில். காட்டுக்குள் கிடந்த உடைந்த மது பாட்டில்கள் யானைகளின் காலைக் கிழிக்கின்றன என்று வழக்கு வந்து, சென்னை உயர்நீதிமன்றம் சொன்னதன் பேரில் 2022 மே மாதம் நீலகிரி டாஸ்மாக் கடைகளில் பாட்டிலுக்குப் பத்து ரூபாய் கூடுதலாக வாங்க ஆரம்பித்தார்கள். காலியைக் கொடுத்தால் பத்து ரூபாய் திரும்பக் கிடைக்கும். குடித்தவன் பாட்டிலைத் தூக்கிக்கொண்டு திரும்பக் கடைக்கு வருவானா என்று சிரிக்காத ஆள் இல்லை. நூற்றுக்குத் தொண்ணூறுக்கு மேல் திரும்பி வந்தது. குடித்தவர் எறிந்துவிட்டுப் போனாலும், பத்து ரூபாய்க்காக வேறு ஒருவர் எடுத்துக் கொண்டுவந்தார். அந்த வருடமே நவம்பரில் கோவைக்கும் பெரம்பலூருக்கும் நீட்டித்தார்கள். பிறகு மாவட்டம் மாவட்டமாகப் பரவியது.

பத்து ரூபாய் போதும் என்பது அதில் நாம் படிக்க வேண்டிய முதல் பாடம். புத்திமதி சொல்லும் போர்டு எதுவும் செய்யாததை அந்த நோட்டு செய்தது. இன்னொரு பாடமும் உண்டு, அதை யாரும் உங்களுக்குச் சொல்ல மாட்டார்கள், கடைக்காரன்தான் சொல்ல வேண்டும். டாஸ்மாக் ஊழியர்கள் இந்தத் திட்டத்தை எதிர்த்துப் போராடினார்கள். அவர்கள் சொன்னதில் நியாயம் இருக்கிறது. ஏற்கெனவே நெருக்கடியான கடை, அதில் காலியை எங்கே அடுக்குவது? ஒவ்வொரு பாட்டிலிலும் ஸ்டிக்கர் ஒட்டுவது யார்? எண்ணி வாங்கிப் பணம் கொடுப்பது யார்? கூடுதல் ஆள் எங்கே? காலி வாங்குகிற வேலையைச் சும்மா செய் என்று கடைக்காரன் தலையில் கட்டினால் அது நிலைக்காது. நியூயார்க் மாநிலத்தில் பாட்டில் டெபாசிட் 5 சென்ட். அதைத் திரும்ப வாங்குகிற கடைக்கு, கம்பெனிக்காரர் பாட்டிலுக்கு 3.5 சென்ட் தனியாகக் கூலி கொடுக்க வேண்டும் என்று சட்டமே இருக்கிறது. நாங்கள் அவ்வளவு கேட்கவில்லை. காலிக்கு ஒரு ரூபாய் கொடுங்கள். நாளைக்கே என் தெருவில் இருக்கிற கடைக்காரர்கள் எல்லோரிடமும் நான் பேசுகிறேன்.

திரும்பி வந்த அந்த மது பாட்டில்கள் அப்புறம் எங்கே போகின்றன என்பதையும் டாஸ்மாக் வெளிப்படையாகச் சொன்னால் நல்லது. கழுவித் திரும்ப நிரப்பினால் ஒரு கணக்கு, உடைத்து உருக்கினால் வேறு கணக்கு. ஊருக்குள் எல்லோரும் இரண்டையும் 'மறுசுழற்சி' என்ற ஒரே சொல்லில் போட்டுவிடுகிறார்கள்.

இப்போது பொது பாட்டில் விஷயத்துக்கு வருகிறேன். என் மடலின் மையமே இதுதான், கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

பழைய முறையில் ஒவ்வொரு கம்பெனிக்கும் தனி பாட்டில். உருவம் வேறு, உயரம் வேறு, உடம்பில் கம்பெனி பெயர் பொறித்திருக்கும். கடைக்காரன் காலியைப் பிரித்து அடுக்க வேண்டும். இந்த லைன் வண்டிக்காரர் அந்தக் கம்பெனி பாட்டிலைத் தொட மாட்டார். நின்றுபோன ஒரு கம்பெனியின் காலி கடையில் தேங்கினால் டெபாசிட் அம்போ. போட்டிக் கம்பெனியின் காலியை ஆள் வைத்து வாங்கிப் பதுக்கி, அவனைப் பாட்டில் இல்லாமல் தவிக்க விட்ட கதைகள் நம் தொழிலில் நிறையச் சொல்வார்கள். உங்கள் அப்பாமார்களைக் கேட்டால் பெயரோடு சொல்லுவார்கள். பாட்டில் பொதுவானால் பதுக்கி என்ன செய்வது? உங்கள் வீட்டுக் காலியும் என் வீட்டுக் காலியும் ஒன்றுதானே!

இது நடக்கிற காரியமா என்றால், ஜெர்மனிக்காரர்கள் நடத்திக்கொண்டிருக்கிறார்கள். அங்கே ஊற்றுத் தண்ணீர் பாட்டிலில் அடைக்கிற சிறு கம்பெனிகள் ஏராளம், ஒவ்வொரு ஊருக்கும் ஒன்று என்கிற மாதிரி. ஒருவருக்கொருவர் போட்டிக்காரர்கள்தான். அவர்கள் கூட்டுறவுச் சங்கமாகச் சேர்ந்து 1969இல் ஒரு பொது பாட்டிலைக் கொண்டுவந்தார்கள். குந்தர் கூபெட்ஸ் என்ற வடிவமைப்பாளர் செய்தது. 0.7 லிட்டர், திருகு மூடி, மேல் பாதியில் நுரைக் குமிழி மாதிரி சின்னச் சின்ன முத்துகள் புடைத்திருக்கும். அதனால் முத்து பாட்டில் என்றே பெயர். இடுப்பு ஒடுங்கியிருப்பதால் கை வழுக்காது. பாட்டில்கள் ஒன்றோடு ஒன்று உரசினாலும் லேபிள் கிழியாதபடி புடைப்பான வளையங்கள் வைத்திருக்கிறார்கள். யாருடைய தண்ணீர் என்பதைக் காகித லேபிள் சொல்லும். டெபாசிட் 15 சென்ட். ஒரு பாட்டில் ஐம்பது தடவை வரை நிரப்பப்படுகிறது. அரை நூற்றாண்டு தாண்டியும் அந்த பாட்டில் கடைகளில் இருக்கிறது.

அங்கேயும் எல்லாம் சரியாகப் போய்விடவில்லை. பீர்க் கம்பெனிகள் பல, தனி அடையாளம் வேண்டும் என்று தங்கள் பெயரைக் கண்ணாடியிலேயே பொறித்துக்கொள்ள ஆரம்பித்தன. பொது பாட்டில் கூட்டத்துக்குள் தனி பாட்டில்கள் கலந்ததும், பிரித்தெடுத்து அவரவருக்கு அனுப்பும் செலவு ஏறிவிட்டது. ஒருமுறை தூக்கி எறிகிற பிளாஸ்டிக் பாட்டிலும் பெரும் பங்கைப் பிடித்துவிட்டது. ஆகவே அண்ணாச்சி, ஒன்று மட்டும் மறக்காமல் முடிவு செய்துகொள்ளுங்கள்: பாட்டிலின் உடம்பில் ஒருவர் பெயரும் பொறிக்கக் கூடாது. 'எங்க தாத்தா காலத்து முத்திரை' என்று யாராவது ஒருவர் ஆரம்பித்தால் அங்கேயே எல்லாம் கலைந்துவிடும்.

ஜெர்மனி தூரமாகத் தெரிந்தால், தலைக்கு மேல் பாருங்கள். உங்கள் ஆபீஸில் கவிழ்த்து வைத்திருக்கிற 20 லிட்டர் தண்ணீர் கேன் என்ன? தமிழ்நாடு முழுக்க அந்தப் பொது கேன்தான் ஓடுகிறது. காலி கேனைக் கொடுத்தால் எந்தக் கம்பெனி கேன் என்று கேன்காரத் தம்பி பார்ப்பதே இல்லை. முதல் தடவை டெபாசிட், அப்புறம் காலிக்கு நிறைந்தது. சட்டம் போட்டு யாரும் இதைக் கொண்டுவரவில்லை. தொழில் தானாகவே போட்டுக்கொண்ட வழி. ஆனால் அதன் குறையும் நமக்குத் தெரியும். கேன் யாருக்கும் சொந்தம் இல்லாததால் கீறல் விழுந்து, பாசி பிடித்து, பழுப்பேறினாலும் ஓடிக்கொண்டே இருக்கும். கழித்துப் போட வேண்டிய பொறுப்பு யாருக்கும் இல்லை. அதனால் உங்கள் பொது பாட்டிலுக்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும். நீங்கள் எல்லோரும் பங்கு போட்ட ஒரு சங்கமோ கூட்டுறவோ அதை வைத்துக்கொள்ளட்டும். புது பாட்டில் வாங்குவது, வாய் உடைந்ததைக் கழிப்பது, டெபாசிட் பணத்தைக் கணக்கு வைப்பது எல்லாம் அதன் வேலை.

கழுவுவதையும் அந்தச் சங்கமே செய்யலாம் என்பது என் எண்ணம். தனித்தனியாகக் கழுவும் மெஷின் வைக்க உங்களில் பாதிப் பேருக்குக் கட்டாது. மதுரைப் பக்கம் ஒன்று, திருநெல்வேலிப் பக்கம் ஒன்று என்று பொதுக் கழுவுநிலையம் இருந்தால் போதும். காலியை அங்கே இறக்கிவிட்டுக் கழுவினதை ஏற்றிக்கொண்டு போக வேண்டியதுதான். உங்களுக்குத் தெரியாததை நான் சொல்லப்போவதில்லை: சுடு காஸ்டிக் தண்ணீரில் ஊற வேண்டும், பல தொட்டிகளில் சூட்டைப் படிப்படியாக ஏற்றி இறக்கினால்தான் பாட்டில் விரியாது, கடைசியில் நல்ல தண்ணீரில் அலசி வெளிச்சத்துக்கு முன்னால் ஓட்டிப் பார்க்க வேண்டும். பழைய நாளில் இந்தக் கடைசி இடத்தில்தான் கோட்டை விட்டோம். வெளிச்சப் பலகைக்கு முன்னால் உட்கார்ந்தவர் தூங்கி வழிந்தால், பாட்டிலுக்குள் பூச்சியோடு படம் பேப்பரில் வந்துவிடும். இப்போது பேப்பர்கூட வேண்டாம், வாட்ஸ்அப் போதும். ஒரு பாட்டிலில் ஒரு பல்லி, அவ்வளவுதான், தொழில் மொத்தமும் போச்சு. அதனால் காலியைக் கேமரா வைத்துச் சோதிக்கிற மெஷினுக்குச் செலவு பண்ணுங்கள். ஒருவர் தனியாக வாங்க முடியாது, சேர்ந்தால் முடியும். மண்ணெண்ணெய் ஊற்றி வைத்த பாட்டிலைக் கடையிலேயே மோந்து பார்த்து ஒதுக்கிவிடுவோம், அது எங்கள் பொறுப்பு.

தண்ணீர் பற்றியும் சொல்ல வேண்டும். விருதுநகர் மாவட்டத்தில் இருந்துகொண்டு பாட்டில் கழுவுங்கள் என்று சொல்பவன் தண்ணீரைப் பற்றிப் பேசாமல் போனால் தப்பு. கடைசித் தொட்டியில் அலசிய தண்ணீர் கிட்டத்தட்டச் சுத்தமான தண்ணீர். அதை முதல் தொட்டிக்கு அனுப்பி அழுக்குப் போகக் கழுவலாம். பொதுக் கழுவுநிலையமாக இருந்தால் சுத்திகரிப்பும் ஒரே இடத்தில் முடியும். காஸ்டிக் தண்ணீரைக் கண்மாயில் திறந்துவிடுகிற வேலை மட்டும் வேண்டவே வேண்டாம். அப்படி நடந்தால் முதலில் புகார் கொடுப்பவன் நானாகத்தான் இருப்பேன்.

எங்கெல்லாம் கண்ணாடி வேண்டாம் என்பதையும் முன்கூட்டியே ஒத்துக்கொள்வோம். ஓடுகிற பஸ், ரயில், திருவிழாக் கூட்டம், வெறுங்காலோடு ஜனங்கள் ஏறுகிற மலைப்பாதை, இங்கெல்லாம் கண்ணாடி கூடாது. அங்கே விற்பதை விற்றுக்கொள்ளுங்கள். ஆனால் நின்று குடித்துவிட்டுப் போகிற கடை, ஓட்டல், புரோட்டாக் கடை, சினிமா தியேட்டர், கல்யாண மண்டபம், இவை போதாதா?

முக்கியமாகக் கல்யாண மண்டபம். உங்களில் யாரும் இன்னும் சரியாகக் கவனிக்காத சந்தை அது. இப்போது பந்தியில் இலைக்கு இலை ஒரு சின்னத் தண்ணீர் பாட்டில் வைப்பது மரியாதை என்று ஆகிவிட்டது. பாதித் தண்ணீர் குடித்து, மீதியோடு இலையில் சுருட்டிக் குப்பைக்குப் போகிறது. இலை மாட்டுக்கு, பாட்டிலும் மாட்டுக்கு. ஐந்நூறு பேர் சாப்பிட்டால் ஐந்நூறு பாட்டில். மண்டபம் என்பது நாலு சுவருக்குள் நடக்கிற காரியம். கிரேட் காலையில் இறங்கி, சாயங்காலம் அதே வண்டியில் ஏறலாம். ஒரு பாட்டில்கூட வெளியே போகாது, டெபாசிட்டைக்கூட ஆள் ஆளாக வாங்க வேண்டாம், மண்டபக்காரரோடு மொத்தக் கணக்கு. தண்ணீரும் சோடாவும் பன்னீர் சோடாவும் கண்ணாடியில், பெண் மாப்பிள்ளை பெயர் போட்ட காகித லேபிளோடு என்று சொல்லிப் பாருங்கள். நம் ஜனங்கள் அதற்குத் தனியாகவே காசு கொடுப்பார்கள். நான் இந்தத் தொழிலில் புதிதாக இறங்குவதாக இருந்தால் மண்டபத்தில்தான் ஆரம்பிப்பேன்.

டெபாசிட் எவ்வளவு என்பதை நீங்கள்தான் உட்கார்ந்து முடிவு செய்ய வேண்டும். ரொம்பக் குறைத்தால் பாட்டில் பழைய இரும்புக் கடைக்குப் போய்விடும், அல்லது வீட்டில் எண்ணெய் ஊற்றி வைக்கப் போய்விடும். ரொம்ப ஏற்றினால் பத்து ரூபாய்க் கலருக்கு இருபது ரூபாய் டெபாசிட்டா என்று பையன் திரும்பிப் போய்விடுவான். 2003இல் ஒரு பெரிய கம்பெனி 200 மில்லி கண்ணாடி பாட்டிலை ஐந்து ரூபாய்க்கு இறக்கியதும் கிராமம் வரைக்கும் விற்பனை போனது ஏன்? பாட்டில் விலையை வாடிக்கையாளர் தலையில் வைக்கவில்லை, காலி கடைக்கே திரும்பி வந்தது. கடையில் நின்று குடிப்பவரிடம் டெபாசிட்டே வேண்டாம், ஓப்பனர் எங்கள் கையில்தானே இருக்கிறது. எடுத்துக்கொண்டு போகிறவரிடம் மட்டும் பத்து ரூபாய். நீலகிரி காட்டிய தொகை, எல்லோருக்கும் புரிகிற தொகை. அளவும் இரண்டு போதும். ஒன்று 200 மில்லி, இன்னொன்று வீட்டுக்கு வாங்கிப் போகிற பெரியது. ஆசைப்பட்டு நாலைந்து அளவு வைத்தால் மறுபடியும் பிரித்து அடுக்குகிற வேலை.

அரசாங்கம் செய்ய வேண்டியது இல்லாமல் இல்லை. மத்திய அரசு 2022 பிப்ரவரியில் பிளாஸ்டிக் விதிகளைத் திருத்தியபோது, பெரிய பிளாஸ்டிக் கலன்களில் இத்தனை சதவீதம் திரும்பப் பயன்படுத்த வேண்டும் என்று இலக்கு வைத்தது. ஆனால் அந்த இலக்கு 0.9 லிட்டருக்கு மேல்தான் ஆரம்பிக்கிறது. ஓடையை அடைக்கிற சின்ன பாட்டில்கள் அதற்குள் வரவே இல்லை. 2019 ஜனவரியில் நம் மாநிலத் தடை வந்தபோது தண்ணீர் பாக்கெட் போனது, பெட் பாட்டில் தப்பியது. ஜிஎஸ்டியிலும் காலி பாட்டிலைக் கழுவி நிரப்புகிற உங்கள் கலருக்கும், தூக்கி எறிகிற பாட்டிலில் வருகிற கலருக்கும் அதே 40 சதவீதம். கழுவி நிரப்புகிறவருக்குக் கொஞ்சம் குறையுங்கள் என்று கேட்பதில் நியாயம் இருக்கிறது. ஆனால் தனித்தனியாகப் போய் மனுக் கொடுத்தால் வாசலிலேயே நிற்க வேண்டியதுதான். முதலில் பாட்டில், அப்புறம் டெல்லி.

கோடைக்கு நாலைந்து மாதம் முன்னாலேயே நீங்கள் உட்கார்ந்து பேச வேண்டும். பாட்டில் ஆர்டர் கொடுத்து வர நாளாகும். விருதுநகரிலோ மதுரையிலோ ஒரு மண்டபம் பிடியுங்கள், பத்துக் கம்பெனி வந்தால்கூட ஆரம்பிக்கலாம். பெரியவர் யாராவது ஒருவர் முன்னால் நின்று கூப்பிட்டால் சின்னவர்கள் வருவார்கள், சின்னவர் கூப்பிட்டால் பெரியவர் வர மாட்டார், இது நமக்குத் தெரிந்த கதைதான். ஆகவே பெரியவரே கூப்பிடட்டும். கடைக்காரர்கள் தரப்பில் இருந்து இரண்டு பேரையும் ஒரு லைன் வண்டி டிரைவரையும் ஒரு லோடுமேனையும் அந்தக் கூட்டத்துக்குக் கூப்பிடுங்கள். கிரேட்டை இருபத்துநாலு பாட்டிலுக்குச் செய்வதா பன்னிரண்டுக்கா என்பதை லோடுமேனைக் கேட்காமல் முடிவு செய்ய வேண்டாம். என்னைக் கேட்டால் பன்னிரண்டு.

இப்படிக்கு,
உங்கள் சரக்கை விற்கும் ஒரு கடைக்காரன்